மூலம்: தமிழ்

“எனக்க மாப்பிள்ள ததேயு கட்டுமரத்துல போனாவ. இன்னும் கரைக்கு வரல்ல” என்று கடல் மீட்பு எண்ணை அழைத்துக் கணவனுக்காக அழுதாள் செலின். எந்த மொழியில் அழுதாலும் அந்த இயந்திரத்துக்குப் புரியும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். அது கனிவாகப் பேசி, உடனே ட்ரோனை அனுப்பியது. தேடல் முடியும்வரை யாரும் கடலில் இறங்கக் கூடாது என்பது சட்டம். ஊரே கரையில் நின்றது.

மறுநாள் காலை அழைப்பு வந்தது.

“நீங்கள் சொன்ன கேட்டமரான் சொகுசுப் படகு எங்கும் இல்லை. தேடல் முடிந்தது. படங்களை அனுப்பியிருக்கிறோம்.”

“சொகுசுப் படகா? அது நாலு மரத்த சேத்துக் கெட்டுனதாக்கும்!”

நேற்று மாலைப் படத்தில் ததேயு சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டிருந்தான். கீழே குறிப்பு: ‘மரக்கட்டைகள், ஒரு மனிதர். தேடும் படகு அல்ல.’ இன்று காலைப் படத்தில் கட்டைகள் மட்டும் மிதந்தன.

“கட்டுமரம்னா என்னண்ணு தெரியுமா ஒனக்கு?” செலின் அலறினாள்.

“தெரியும் அம்மா. கேட்டமரான் என்ற ஆங்கிலச் சொல்லின் மூலம் தமிழ். மரங்களைச் சேர்த்துக் கட்டியது என்று பொருள். தமிழர்கள் பெருமைப்படலாம்.”