வாத்து அடையில் இருக்கிறது

ஃபின்லோ கூடத்தில் சவப்பெட்டிக்குள் படுத்திருந்தான். வாத்து சமையலறையில், அடுப்போரம், வைக்கோல் பெட்டிக்குள் படுத்திருந்தது. இரண்டு பேருக்கும் காவலாக ஃபின்லோவின் மனைவி வோரி வாசற்படியில் நின்றாள்.

துக்கத்துக்கு வந்த அத்தனை பேர் கையிலும் டாஃபடில்.

ஏப்ரலில், அயர்லாந்துக் கடல் நடுவே இருக்கும் மான் தீவில், வேறு எந்தப் பூவைக் கொண்டுவருவார்கள்? வேலியோரம், ஓடைக்கரை, கல்லறைத் தோட்டம் என்று கால் வைக்கும் இடமெல்லாம் அதுதான்.

முதலில் வந்தவள் பக்கத்து வீட்டு ஏலிஷ். கை நிறைய மஞ்சள். ஒவ்வொன்றிலும் ஊதினால் சத்தம் வரும்போல நீண்ட குழல்.

“பூவை வாளியில போட்டுட்டு உள்ள வா,” என்றாள் வோரி. “வாத்து அடையில இருக்கு.”

ஏலிஷ் அவளை உற்றுப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் பூவை வாளியில் போட்டுவிட்டு, உள்ளே போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தாள்.

குஞ்சு பொரிக்கும்வரை டாஃபடில் வீட்டுக்குள் வரக்கூடாது. வந்தால் முட்டை அத்தனையும் கூமுட்டை. அந்தத் தீவில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். நம்புகிறார்களா என்பது வேறு விஷயம்.

அவை ஃபின்லோ கடைசியாக அடைக்கு வைத்த முட்டைகள். சொன்னால் ஆகாதென்று எலி என்ற பெயரைக்கூட வாயால் சொல்லாமல் ‘நீளவால்’ என்றே சொல்லிவந்த மனிதன், அதற்குப் பயந்து வாத்தைக் கொட்டகையிலிருந்து சமையலறைக்குக் குடிமாற்றியிருந்தான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு முந்தின நாள், ஒவ்வொரு முட்டையாக விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, “எல்லாத்துலயும் உயிர் இருக்கு” என்றான். அவன் அவளிடம் நிதானமாகப் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அதில் ஒரு முட்டை கெட்டாலும் அவளுக்குத் தாங்காது.

அடுத்து மீன்காரர் கெர்மோட். அவர் கொண்டுவந்த பூ இதழுக்குள் இதழாகச் சுருண்டு அடுக்கடுக்காக இருந்தது.

“இது டாஃபடில் கணக்குல வராது வோரி. குழல் எங்க இருக்கு, காட்டு பாப்போம். முட்டைக்கோஸ் மாதிரி இருக்கு.”

“அப்ப ஒரு வாய் தின்னு காட்டு. உள்ள விடறேன்.”

கெர்மோட் முட்டைக்கோஸை வாளியில் போட்டார்.

போதகர் வெள்ளைப் பூவோடு வந்தார். நடுவில் சின்னக் கிண்ணம், அதன் விளிம்பில் சிவப்புக் கோடு. விஷயம் வழியிலேயே அவர் காதுக்கு எட்டிவிட்டது. பதிலை யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தார்.

“இது வெள்ளைம்மா. மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்துட்டு ஈஸ்டர் சமயத்துல எழுந்து வருது. உயிர்த்தெழுதலுக்கே இதுதான் அடையாளம்.”

“எழட்டுங்க ஐயா. முதல்ல குஞ்சு எழட்டும்.”

வாளி நிறைந்தது. பால் பாத்திரங்கள் நிறைந்தன. தள்ளுவண்டியும் நிறைந்துகொண்டிருந்தது. தூறல் வேறு. முற்றம் பூக் கண்காட்சிபோல ஜொலித்தது. பாதிப் பேர் உள்ளே போகாமல் அங்கேயே நின்று, எது டாஃபடில், எது இல்லை என்று வழக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தலைநகர் டக்ளஸிலிருந்து ஃபின்லோவின் தம்பி யூவன் வந்தான். கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். அவன் கையில் ஒரு காம்புக்கு நாலைந்தாகப் பூத்த குட்டிப் பூக்கள். வாசனை வேலி தாண்டி வந்தது.

“நீங்க படிச்சவரு,” என்று கெர்மோட் அவனைப் பிடித்துக்கொண்டார். “உங்க அண்ணிக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. இதெல்லாம் ஒண்ணா?”

செடிகொடி விஷயத்தில் யூவனுக்குப் பொய் வராது.

“குழல் நீளமோ குட்டையோ, ஒத்தையோ அடுக்கோ, காம்புக்கு ஒண்ணோ அஞ்சோ, எல்லாம் ஒரே பேரினம்தான். ரகம் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல இருக்கும்.”

“முப்பதாயிரமும் வெளிய இருக்கட்டும்,” என்றாள் வோரி.

கெர்மோட் அவனைப் பார்த்த பார்வையில் மீன் வெந்திருக்கும். யூவன் தன் பூவைத் தானே தள்ளுவண்டியில் வைத்துவிட்டு உள்ளே போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

“அண்ணி, அண்ணன் பெட்டி மேல ஒரு பூகூட இல்ல. மொட்டையா கிடக்கு. ஊர் என்ன பேசும்?”

“பூ உள்ள வரக்கூடாதுன்னுதானே சொன்னேன். அவரு வெளிய வரக்கூடாதுன்னா சொன்னேன்?”

 பெட்டியைத் தூக்க ஆறு பேர் உள்ளே போனார்கள்.

பெட்டியை முற்றத்தில் இரண்டு பெஞ்சுகளின் மேல் வைத்தார்கள். வாளியும் பால் பாத்திரங்களும் தள்ளுவண்டியும் காலியாகும்வரை பூவைப் போட்டார்கள். பெட்டி இருந்த இடமே தெரியவில்லை. கைப்பிடி எங்கே என்று கெர்மோட் முழங்கைவரை விட்டுத் துழாவினார். மழை வலுத்ததால் போதகர் தன் வாழ்நாளிலேயே மிகச் சிறிய ஜெபத்தைச் செய்தார். ஃபின்லோவுக்கு அது பிடித்திருக்கும்.

சமையலறையில் வாத்து ஒரு தரம் சீறிவிட்டு அடங்கியது.

வோரி படியை விட்டு இறங்கவில்லை. ஏலிஷ் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். அப்படியே காதோரம் குனிந்தாள்.

“நீ கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து பாக்கறேன். வருஷா வருஷம் வேணும்னே ஒரு கொத்து டாஃபடில் பறிச்சு சமையலறை மேசையில வைப்ப. பைத்தியக்காரத்தனம்னு சிரிப்ப. அவரு ஜன்னல் வழியா வீசுவாரு. எங்க உருளைக்கிழங்குப் பாத்தியில வந்து விழும். இந்த வருஷம் மட்டும் உனக்கு என்னடி வந்துது?”

வோரி தேநீரை ஊதினாள்.

“நான் கொண்டாந்து வச்சா, தூக்கி எறிய இப்ப ஆள் இல்லையே.”