ரெண்டாட்டக்காரன்

பந்தை எறியாமல், வீசுகிறவன் நிற்கும் மேடு வரைக்கும் நடந்துபோய் நிக்கானோரின் கையில் வைத்துவிட்டு வந்தான் பாசிலியோ. வேலிக்கு வெளியே மாவு ரொட்டி பொரித்துக்கொண்டிருந்த பெத்ரோனிலாதான் முதலில் சிரித்தாள்.

"ரிங்குல அவனைப் போட்டு மிதிச்ச. இப்ப எடுபிடி வேலை பாக்குற. பாவத்தைக் கழுவுறியாடா?"

"ஆமாக்கா. உன் எண்ணெய்ச் சட்டியையும் கொண்டா, சேத்துக் கழுவித் தர்றேன்."

கரும்பு வெட்டிவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் வந்து குந்தியிருந்தவர்களும் சிரித்தார்கள். நிக்கானோர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திமிர் பிடித்தவன் என்று ஒருத்தன் துப்பினான்.

சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருக்கும் அந்த மைதானத்தில் நிக்கானோருக்கு ரெண்டாட்டக்காரன் என்றுதான் பெயர். பேஸ்பாலிலும் சம்பளம் வாங்கி, குத்துச்சண்டையிலும் சம்பளம் வாங்கியவன் அந்தக் குடியிருப்பில் வேறு யாரும் கிடையாது. வடக்கே அமெரிக்காவில் ஒரு அணி அவனை வாங்கியது, சில வருஷம் வைத்திருந்தது, வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அப்புறம் சாந்தோ தொமிங்கோவுக்குப் போய் ரிங்கில் ஏறினான். கடைசிச் சண்டையில் அவனை விழ வைத்தது இதே பாசிலியோ. அடுத்த வீட்டுக்காரன்.

ஊர் திரும்பியவனைக் கரும்பு வெட்டில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு வாரம்கூட ஓடவில்லை. தடுக்கித் தடுக்கி விழுகிற குடிகாரன் கையில் கத்தியைக் கொடுக்க மாட்டேன் என்று மேஸ்திரி விரட்டிவிட்டான். ரிங்கிலும் இனி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் அவன் பேச்சை மாற்றினான். விற்பதற்கு மிச்சம் இருந்தது வலது தோள் ஒன்றுதான்.

அந்தத் தோளைப் பார்க்கத்தான் அபெலார்டோ வந்திருந்தார். மெக்சிகோ அணி ஒன்றுக்கு ஆள் பிடிப்பவர். வயசான ஆளையும் வாங்குகிற அணி அது. இவரும் வேண்டாம் என்று போய்விட்டால் அதற்குப் பிறகு கேட்க ஆளில்லை. நிக்கானோருக்கு அது தெரியும். பாசிலியோவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும்.

பாசிலியோ முட்டி போட்டு உட்கார்ந்து கையுறைக்குள் முஷ்டியால் மடேர் மடேரென்று குத்தினான். நிக்கானோர் கையைச் சுழற்றினான். பந்து கையுறைக்குள் வெடி மாதிரி விழுந்தது. அபெலார்டோ கையிலிருந்த வேகக் கருவியைப் பார்த்தார், அது கெட்டுவிட்டதோ என்று ஒரு தட்டுத் தட்டினார், மறுபடியும் பார்த்தார்.

மறுபடியும் நடை. மறுபடியும் பந்தைக் கையில் வைத்துவிட்டு வந்தான் பாசிலியோ.

அங்கிருந்தே திருப்பி எறிந்தால் என்ன, நேரம் மிச்சமாகுமே என்று கேட்டார் அபெலார்டோ. பாசிலியோ கழுத்தைச் சொறிந்தான்.

"நான் கீழ தள்ளுன ஆளு சார். இன்னைக்கு ஒரு நாளாவது அவன் ராஜாவா நிக்கட்டும்."

"ராஜா எனக்கு ஒரு வணக்கம்கூட வைக்கலையே."

"வாங்குனதுக்கப்புறம் வைப்பான் சார்."

அபெலார்டோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழே, ஓரமாகப் போடச் சொன்னார். பாசிலியோ கையுறையைத் தாழ்த்தி மறுபடியும் குத்தினான். பந்து அங்கேயே வந்து விழுந்தது. மேலே என்றார். மேலே விழுந்தது. வேலியோரம் மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். பெத்ரோனிலாவின் சட்டியில் ரொட்டி கருகியது, அவள் கவனிக்கவில்லை. நிக்கானோரின் நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. அவன் துடைக்கவும் இல்லை.

போதும் என்று கையைக் காட்டினார் அபெலார்டோ.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேண்டாத ஆளிடம் வாய் ஓயாமல் பேசுவார், குளிர்பானம்கூட வாங்கித் தருவார். வேண்டிய ஆளிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். பையிலிருந்து ஒரு புதுப் பந்தை எடுத்து அவனுக்குத் தூக்கிப் போடுவார். அவ்வளவுதான், ஆளை வாங்கியாயிற்று. இது அந்த வேலியோரம் உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். இத்தனை வருஷம் வெளியூரில் கிடந்த நிக்கானோருக்குத்தான் தெரியாது.

பாசிலியோ ஓரமாகப் போய்க் குனிந்து கால் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அபெலார்டோ பேசாமல் மேட்டுப் பக்கம் நடந்தார். பைக்குள் கையை விட்டார். பெத்ரோனிலா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பாசிலியோ அப்போதுதான் நிமிர்ந்தான். "சார்..." என்று வாயைத் திறந்தான். பந்து அவர் கையை விட்டுப் போய்விட்டது.

மெதுவாகத்தான் போட்டார், குழந்தைக்குப் போடுகிற மாதிரி. அது நிக்கானோரின் கன்னத்தை உரசுகிற மாதிரி போய்ப் பின்னால் புழுதியில் விழுந்தது. அவன் கை எழும்பவில்லை. இமைகூட அசையவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. அபெலார்டோ கிட்டே போய் அவன் கண்களைப் பார்த்தார். பிறகு பையை மூடினார்.

பாசிலியோ எழுந்து போய்விட்ட அந்தக் காலி இடத்தைப் பார்த்து, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தான் நிக்கானோர்.

"சொல்லுடா பாசிலியோ, என்னை எடுத்துக்கிட்டாரா?"