ஓசிப் பாட்டு

ஜூக்பாக்ஸில் போடப் பொருத்தமான பழைய நாணயம் அந்த வீட்டில் ஒன்றுதான் இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அதைத் திரும்ப எடுக்க, மனைவி ரோசலின் வைத்திருக்கும் காசுப்பெட்டிச் சாவியைக் கேட்டு லாசரஸ் சமையலறைக்கு வருவார். ஓய்வுபெற்ற பிறகு அவர் அவளிடம் பேசுவது அப்போது மட்டும்தான்.

இன்று நாணயமே இல்லாமல் பாடவைக்க, இயந்திரத்தின் பின்கதவைத் திறந்திருந்தார்.

"பிளக்கை நீயே கையில வெச்சுக்கோ. யாராவது சொருகிட்டா நான் காலி."

"இப்பவாவது என்னை நம்புறீங்களே."

ஒயர்களை இணைத்து, டேப் சுற்றி, கதவை மூடினார்.

"இனிமே உன்னைத் தொந்தரவே பண்ண மாட்டேன், ரோஸி. கொடு."

"எர்த் ஒயரை இன்னொரு தடவை பாத்துடுங்களேன்."

"ரெண்டு தடவை பாத்தாச்சுடி."

"எனக்கென்னவோ பயமா இருக்கு" என்றாள், பிளக்கை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டே.