சூடு தெரிகிற இடம்

அன்றைக்கு வெயில் எறித்ததா, மப்புக் கட்டியிருந்ததா என்று கேட்டால் சூசைதாசனுக்கே இப்போது சந்தேகம்தான். மாதமும் நினைவில்லை.

எண்ணெய் எந்தக் காலில் விழுந்தது என்பதில் மட்டும் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

சாவகச்சேரியில், ஏ-ஒன்பது வீதியோரம் அவனுடைய கராஜ். பருத்தித்துறைப் பத்மாசினி தன் டீசல் லொறியோடு வந்திருந்தாள். கரையில் மீன் பெட்டிகளை ஏற்றி, ஐஸ் போட்டு, வவுனியா வரைக்கும் தானே ஓட்டிப் போகிறவள். லொறி யப்பானிலிருந்து வந்த பழையது. ஓட்டோ கியர், கிளச் இல்லாதது.

முதல் கியர்பொக்ஸ் எரிந்துபோயிருந்தது. கடற்கரை மணலில் பாரத்தோடு புதைவதும் ஏறுவதுமாக இருந்தபோது உள்ளே எண்ணெய் கொதித்தது அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது புகை வந்துவிட்டது. இரண்டாவதைக் கொழும்பில் தேடியெடுத்துப் பூட்டியாயிற்று. அந்த இனத்தில் இனி ஒன்று கிடைக்காது என்று கொடுத்தவனே சொல்லியனுப்பினான்.

சூசைதாசன் சொன்னது, இங்கே எந்தக் கராஜிலும் சொல்வதுதான். ஓட்டோ கியரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கிளச்சும் மனுவல் கியரும் பூட்டிவிட்டால் ஆயுளுக்கும் தொல்லையில்லை.

"பூட்டினால் பிறகு ஓடுறதுக்கு நான் ஒரு றைவரைப் பிடிக்கவேணும். அதுக்கு நான் லொறி வாங்கேல்லை, தம்பி."

"பழகினால் வந்திடும், அக்கா. கிளச் என்ன பெரிய வித்தையோ?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு லொறிக் கதவைத் துடைக்கத் தொடங்கினாள். மனுவல் ஓட்டத் தெரியாதவள், அதைச் சொல்ல வெட்கப்படுகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

சரி, சூடு காட்டும் சென்சர் ஒன்றைப் போடுவோம் என்று முடிவாயிற்று. எங்கே போடுவது என்பதில் மறுபடியும் இழுபறி.

கியர்பொக்ஸின் அடிச்சட்டியில் தட்டையான நல்ல இடம் இருந்தது. துளைத்துப் பூட்டினால் சுலபமாக முடிந்துவிடும். குழாயை வெட்டி இடையில் பூட்டினால் இணைப்பில் எண்ணெய் கசியும் என்பது அவனுடைய பயம்.

பத்மாசினி ஒத்துக்கொள்ளவில்லை. சட்டியில் இருப்பது கலந்து ஆறிய எண்ணெய். மணலில் சக்கரம் சுற்றும்போது சூடு முதலில் தெரிவது கொதித்து வெளியே வருகிற குழாயில்தான். சட்டிக்கு அது வந்து சேருமுன் இந்தக் கியர்பொக்ஸும் போய்விடும்.

"கசியாமல் பூட்டத்தானே உம்மட்டை வந்தனான்" என்றாள்.

அந்த வார்த்தை அவனுக்குள் எங்கோ போய்த் தைத்தது. ஸ்பானரை எடுத்தான்.

தன் லொறிக்கு டயர் மாற்ற வந்து நின்ற பிரகாஸ் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"உதென்ன அக்கா, லொறியோ, டொக்டர்மாற்றை காரோ? இடது காலைச் சும்மா வைச்சுக்கொண்டு ஓடுறதும் ஒரு ஓட்டமோ?"

"என்ரை கால் சும்மா இருந்தால் உமக்கேன் நோகுது?"

சூசைதாசனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு அவனுக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இல்லாமல் போனால் நல்லது.

எண்ணெய் ஆறுவதற்கு ரேடியேற்றருக்குப் போகிற குழாய் எது, திரும்பி வருகிற குழாய் எது என்று தொட்டுப் பார்த்தான். பருத்தித்துறையிலிருந்து ஓடி வந்த லொறி. இரண்டும் சுட்டன. ஒன்றைக் கழற்றிவிட்டு, ஒரு நொடி என்ஜினைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. எண்ணெயைத் தள்ளுகிற வாய் எதுவோ, அதுதான் சூட்டுக் குழாய்.

தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று பத்மாசினி எண்ணெய் பிடிக்கிற தகரத்தை அவனிடம் வாங்கிக்கொண்டாள். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியில், முன் சக்கரத்தோரம், இடது காலை நீட்டி உட்கார்ந்தாள். எந்த நேரமும் சொக்ஸ் போட்டுச் செருப்புப் போடுகிறவள். அதையும் ஒரு ஸ்ரைல் என்றுதான் கராஜில் கதைத்துக்கொள்வார்கள்.

சூசைதாசன் ஏறி, கதவைத் திறந்தபடியே விட்டு, சாவியைத் திருப்பினான்.

எண்ணெய் தகரத்தைத் தாண்டிப் பாய்ந்து அவளுடைய இடது பாதத்தில் கொட்டியது. சொக்ஸிலிருந்து ஆவி எழும்பியது.

அவள் அசையவில்லை. தகரத்தைக் கொஞ்சம் நகர்த்தி, மிச்சத்தை ஒரு துளி சிந்தாமல் பிடித்தாள்.

"இதுதான் தம்பி. நிப்பாட்டும்."

அவன் குதித்து இறங்கி வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான். "அக்கா, கால்! கால்!"

"தண்ணியை வீணாக்காதேயும்."

அவன் ஆவி பறக்கும் அந்தப் பாதத்தைப் பார்த்தான். அவளுடைய முகத்தைப் பார்த்தான். அதில் வலி இல்லை. குழாயைக் கண்டுபிடித்த திருப்திதான் இருந்தது. பிறகு, திறந்து கிடந்த கதவினூடாக உள்ளே பார்த்தான். ஸ்ரேரிங்குக்குக் கீழே பிறேக் ஒன்று, அக்சிலேற்றர் ஒன்று. இரண்டும் வலது காலுக்கு.

பிரகாஸ் தலையைக் குனிந்துகொண்டு டயரை உருட்டத் தொடங்கினான்.

"சூட்டு மீற்றரை எங்கை வைக்கிறது, அக்கா?" சூசைதாசன் வாளியைக் கீழே வைத்தான்.

"ஸ்ரேரிங்குக்கு மேலை. ரோட்டிலை போற சனத்துக்கும் தெரியட்டும்."

அந்த இணைப்பு இன்றுவரை ஒரு துளி கசியவில்லை. மணலில் ஊசி ஏறினால் பத்மாசினி நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு போகிறாள். பிரகாஸ் லொறியை விட்டுவிட்டு மன்னார்ப் பக்கம் பஸ் ஓட்டுகிறான். ஓட்டோ கியர் வண்டி வந்தால் சூசைதாசன், மனுவல் போடுவோமா என்று கேட்பதில்லை. ஓட்டுவது யார் என்று கேட்கிறான்.

பத்மாசினி சில வருடங்களுக்கு ஒருமுறை யாழ்ப்பாணத்துக்குப் போய் இடது காலை மாற்றிக்கொண்டு வருகிறாள்.

கியர்பொக்ஸ் இன்னும் அதேதான்.