அத்தானுக்கு சூரிச் பிடித்துவிட்டது

"அத்தான், நீங்கள் ஜன்னல் பக்கம் இருங்கோ. உங்கையிருந்து பாத்தாத்தான் ஏரி வடிவாத் தெரியும்" என்றான் யோகராஜா.

டிராமில் கூட்டம். கோடை விடுமுறைக்கு லண்டனிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த அத்தான் சச்சிதானந்தன், மாப்பிள்ளை முறுக்குக் குறையாமல் நகர்ந்து உட்கார்ந்தார். அக்கா சிவகலா மகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரே இருந்தாள். யோகராஜா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அத்தானுக்குச் சமமாக உட்கார்ந்து அவனுக்குப் பழக்கமில்லை.

சூரிச்சுக்கு வந்து இரண்டு வருடமாகியும் அவன் இப்படி ஊர் சுற்றியதே கிடையாது. அறையை விட்டால் ரெஸ்டாரண்ட் சமையற்கட்டு, அதை விட்டால் அறை. கோப்பை கழுவுகிறவனுக்கு ஏரி எதற்கு? அக்கா குடும்பம் வருகிறதென்றதும்தான், கூட வேலை செய்யும் மரியதாஸைப் பிடித்து, எதெது பார்க்க வேண்டிய இடம் என்று பாடம் கேட்டுக்கொண்டான். முதலாளியிடம் கெஞ்சி லீவு வாங்கினான். கட்டிலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தான்.

எல்லாம் சும்மா இல்லை. அவனுடைய அகதிக் கேஸைத் தள்ளிவிட்டார்கள். அப்பீலும் சரிவரவில்லை. கோடை முடிவதற்குள் நாட்டைவிட்டுப் போ என்று சொல்லியாயிற்று. அது எண்பத்தாறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் ஷெல் அடி; திரும்பிப் போனால் ஆமி பிடித்துக்கொண்டு போகும். மிச்சமிருந்தது அத்தான் ஒருவர்தான். லண்டனில் படித்து, அங்கேயே காலூன்றிவிட்ட மனிதர். அவர் மனது வைத்து ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

ஆனால் அத்தானிடம் எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட முடியுமா? நன்றாகக் கவனித்து, வயிறும் மனமும் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் வாயைத் திறக்க வேண்டும். அதுவரை கேஸ் விழுந்த கதையை மூச்சுவிடக் கூடாது. வந்தவர்களிடம் மூக்கைச் சிந்தினால், இவன் நம் தலையில்தான் வந்து விழுவான் என்று பயந்துவிடமாட்டார்களா? ஆகவே பிள்ளையாண்டான் அளக்கத் தொடங்கினான்.

"இங்கை பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டவேணுமோ?" என்று கேட்டார் அத்தான்.

"ஒரு சதமும் இல்லை. புத்தகம், பென்சில்கூட அவங்களே குடுப்பாங்கள்."

"விண்டரிலை சரியான குளிரெண்டு சொல்லுகினம்?"

"அது வெளியிலை. வீட்டுக்குள்ளை வேர்க்கும், அத்தான்."

அவன் அறையின் ஹீட்டர் பாதி நாள் வேலை செய்யாது. கோட்டோடுதான் படுப்பான். அதையெல்லாம் யார் சொல்வது?

"எங்கடை ஆக்கள் வேலை எடுக்கிறது கரைச்சலோ?"

"என்ன கரைச்சல்? வேலைதான் எங்களைத் தேடித் திரியுது."

"ஆக்களைத் திருப்பி அனுப்புவாங்களோ?"

யோகராஜா கம்பியைக் கை மாற்றிப் பிடித்துச் சமாளித்துக்கொண்டான். "சேச்சே, தங்கமான மனிசர். எங்கடை ஆக்களெண்டா அவங்களுக்குத் தனி இரக்கம்."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா அத்தானைப் பார்த்தாள். இரண்டு பேர் முகத்திலும் தெளிவு. காரியம் கனிகிறது என்று யோகராஜாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

பெரிய தெருவில் மணிக்கூட்டுக் கடைகளை வாய் பிளந்து பார்த்தார்கள். கப்பலில் ஏறி ஏரியைச் சுற்றினார்கள். பிறகு கரையோரப் புல்லில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு வந்த சோற்றையும் கத்தரிக்காய்க் குழம்பையும் ஒரு கை பார்த்தார்கள். அத்தான் ஏப்பம் விட்டு, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டினார். அக்கா மகளுக்கு அன்னம் காட்டத் தண்ணீர்ப் பக்கம் போனாள். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

"அத்தான், உங்களிட்டை ஒரு விஷயம் கேக்கவேணும்."

"நானும் உன்னட்டை ஒண்டு கதைக்கத்தான் இருந்தனான். பொறு, முதல் நான் சொல்லிப்போடுறன்."

மூத்தவர் சொல்லட்டும் என்று யோகராஜா அடங்கினான். அவராகவே லண்டனுக்கு வாவென்று கூப்பிடப்போகிறாரோ என்று ஒரு நப்பாசைகூட எட்டிப் பார்த்தது.

அத்தான் தொண்டையைச் செருமினார். "லண்டனிலை எனக்கு இருந்தது படிப்பு விசா மட்டும்தான். அது முடிஞ்சுது. இனி நீட்டித் தரமாட்டினமாம், வெளிக்கிடச் சொல்லிப்போட்டினம். எங்கை போறதெண்டு தெரியாமல்தான், விடுமுறையெண்டு சொல்லிக்கொண்டு உன்னட்டை வந்தனாங்கள். அக்காவுக்கு நல்ல பயம். நீ சொன்னதுகளைக் கேட்டாப்பிறகுதான் அவளுக்கும் மனம் ஆறினது. நாளைக்கே கூட்டிக்கொண்டு போய் எங்களையும் அகதியாப் பதிஞ்சு விடு. கேஸ் முடியுமட்டும் உன்ரை அறை எல்லாருக்கும் காணும்தானே?"

யோகராஜா காலிச் சோற்றுப் பாத்திரத்தை எடுத்து மூடி வைத்தான்.

"சரி, நீ என்ன கேக்க வந்தனி?"

"அறையைப் பற்றித்தான், அத்தான். அடுத்த மாசத்திலையிருந்து அது உங்களுக்குத் தாராளமாக் காணும். என்னையும் இவங்கள் வெளிக்கிடச் சொல்லிப்போட்டாங்கள்."