மோதிய பொருள்

வாரண்டி இன்னும் முடியவில்லை. ஆனாலும் சர்வீஸ் சென்டர் ஆள் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் சுகந்தியிடமே தள்ளினார்.

"இது அடிபட்டது மேடம். ஃப்ரீயா பண்ண முடியாது."

"யார் அடிச்சா? தானாத்தான் ஆன் ஆகாம போச்சு," என்று கூசாமல் பொய் சொன்னாள்.

அவர் தன் கம்ப்யூட்டரைப் பார்த்து வாசித்தார். "மூடி வச்சிருந்தாலும் உங்க லேப்டாப் கேட்டுக்கிட்டுதான் மேடம் இருக்கும். ஆண் குரல், கெட்ட வார்த்தை. பெண் குரல், 'வேணாங்க, வேணாங்க'. அப்புறம் ஓங்கி ஒரு அடி. மோதிய பொருள், மனிதத் தலை."

சுகந்தியின் கை தானாகத் துப்பட்டாவை இழுத்துத் தலையிலிருந்த தையலை மூடியது. பிறகு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாட்சி இல்லையென்றுதான் போலீஸ் ஸ்டேஷனில் அவளைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"அந்த ரெக்கார்டிங்கைக் குடுங்க. போலீஸ்ல காட்டணும்."

"அது உங்க வீட்டு அந்தரங்கம் மேடம். கம்பெனி யாருக்கும் தராது."

"நான் கதறுனது கம்பெனிக்கு எப்போ தெரியும்?"

"அந்த நிமிஷமே தெரிஞ்சிடும்."

"கேட்டுட்டு என்னய்யா பண்ணீங்க?" அவள் மேசையில் ஓங்கி அறைந்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உடனே உங்க வாரண்டிய ரத்து பண்ணிட்டோம் மேடம்."