மிதிக்க மிதிக்கக் குடுக்குது

காணிப்பாக்கம் பிள்ளையார் மேல் சத்தியம். அவர் பேரைச் சொல்லிப் பொய் பேசியவன் உருப்பட்டதில்லை என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆகையால் இதில் ஒரு எழுத்துகூட நான் கூட்டவில்லை.

"ஏழு!" என்று ஸ்டியரிங்கில் இருந்தபடியே அலறினார் சிட்டிபாபு. "லிட்டருக்கு ஏழுதான் குடுக்குது நளினி! நேத்து வரைக்கும் பதினாலு குடுத்துச்சே!"

"கத்தாம ரோட்டப் பார்த்து ஓட்டுங்க," என்றாள் அவர் மனைவி.

அலறலுக்குக் காரணம் ஒரு பந்தயம். சிட்டிபாபு தன் பழைய தாழ்ந்த காரை மச்சான் ஹரிபிரசாத்திடம் தள்ளிவிட்டு, உயரமாய் ஒரு குட்டி எஸ்யூவி வாங்கியிருந்தார். அதில் ஏறி உட்கார்ந்தால் சித்தூரிலிருந்தே திருமலைக் கோபுரம் தெரிகிறது என்றார். நானும் ஏறிப் பார்த்தேன், தெரிந்தது.

"உசரம் ஜாஸ்தி, கனம் ஜாஸ்தி, காத்து வேற மூஞ்சியிலயே அடிக்குது. பெட்ரோல துன்னுடும் மாமா," என்றான் ஹரி. "ரெண்டுலயும் ஒரே இன்ஜின்தான். நம்ம பழைய வண்டி இருபது குடுக்கும். இது குடுக்குமா?"

பேச்சு முற்றியது. இரண்டு டேங்கையும் காலி பண்ணி, தலா ஐந்து லிட்டர் மட்டும் ஊற்றி, காணிப்பாக்கத்தில் பூஜை போட்டுக் கிளம்ப வேண்டியது. திருப்பதி மலையடிவாரத்து அலிபிரி வரை வந்து சேராதவர் மலையேறி மொட்டை போட வேண்டியது, மீசையோடு சேர்த்து.

ஹரிக்கு மீசை என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சிட்டிபாபு வீட்டிலோ முதலில் மீசைதான் வாசலைத் தாண்டும், பிற்பாடுதான் அவர் வருவார்.

பூஜையில் ஐயர் பானெட்டில் மட்டும் பொட்டு வைத்தது சிட்டிபாபுவுக்குப் போதவில்லை. ஸ்டியரிங்கைச் சுற்றி இருந்த அத்தனை பட்டனிலும் தன் கட்டைவிரலால் குங்குமத்தை அழுத்தி அழுத்தி வைத்தார்.

கிளம்பிக் கொஞ்ச தூரத்திலேயே மைலேஜ் காட்டும் திரையில் இந்த ஏழு. ஏழஞ்சு முப்பத்தஞ்சு. திருப்பதியோ அறுபது கிலோமீட்டருக்கு மேல்.

ஏசியை நிறுத்தினார். கண்ணாடிகளை ஏற்றினார். ஒரு டிராக்டருக்குப் பின்னால் பூப்போல ஊர்ந்தார். திரை ஆறரை என்றது.

"ஐயோ, இன்னும் குறையுதே! அந்த மாங்காக் கூடைய இறக்கு நளினி, கனம்."

"எங்க அக்காவுக்கு எடுத்துக்கினு போறேன். இறக்க மாட்டேன்."

"அப்ப நீயும் சேர்ந்து இறங்கு!"

நளினி கூடையோடு இறங்கி, பின்னால் வந்துகொண்டிருந்த தம்பியின் காரில் ஏறிக்கொண்டாள். திரை ஆறுக்கு வந்தது. சிட்டிபாபு இரண்டு கையாலும் மீசையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங்கை முழங்கால் பார்த்துக்கொண்டது.

பாகாலா தாண்டியதும் மனசு விட்டுப்போயிற்று. எப்படியும் போகப்போகிற மீசை, சீக்கிரம் போகட்டும் என்று ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தார்.

எட்டு!

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு மிதி மிதித்தார். பதினொன்று!

"டேய் ஹரி!" ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்துக் கத்தினார். "மிதிக்க மிதிக்கக் குடுக்குதுடா!" ஏசியை முழுசாக வைத்தார். கண்ணாடி நாலையும் இறக்கினார். லாரிகளை எல்லாம் முந்தினார். நேற்றைய பதினாலு திரும்பி வந்துவிட்டது. மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார்.

சந்திரகிரிக்குச் சற்று முன்னால் வண்டி இரண்டு தடவை இருமியது. நின்றுவிட்டது.

சாவியைத் திருகினார், கும்பிட்டார், டேஷ்போர்டைத் தடவிக்கொடுத்தார். அசையவில்லை. பழைய கார் பின்னால் வந்து நின்றது. ஹரி இறங்கி வந்தான்.

"பதினாலு குடுத்துச்சுடா, என் கண்ணால பார்த்தேன். ஏண்டா நின்னுச்சு?" சிட்டிபாபு மீசையைப் பொத்திக்கொண்டார்.

ஹரி உள்ளே குனிந்து, திரையில் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்தை வாசித்தான். குங்குமம் அப்பியிருந்த பட்டன்களை ஒரு பார்வை பார்த்தான். வாசித்தவன் சிரிக்கக்கூட இல்லை.

"ஆறு காட்டறப்ப அப்படியே உருட்டிக்கினு வந்திருந்தா, இன்னேரம் அலிபிரி மாமா."

"ஆறு குடுத்தா எப்பிட்றா வந்து சேர்றது?"

"நூறு கிலோமீட்டருக்கு ஆறு லிட்டர் மாமா. அது குடுக்கற கணக்கு இல்ல, குடிக்கற கணக்கு."